தனிக்குடித்தனம் போன நிரல்

வால்டெமார் கீனாஸ்ட் தனிக்குடித்தனம் போய் மூன்று நாள்தான் ஆகியிருந்தது. பிரிந்தது வீட்டை விட்டு அல்ல. பதினொரு வருடம் கெசீனாவோடு சேர்ந்து எழுதிய 'ஹாசல்' என்ற கணினி முகப்பு மென்பொருளை விட்டு. எவரும் எடுத்துத் திருத்தலாம் என்று திறந்து வைத்த நிரல் அது. பார்வை மங்கியவர்களுக்கான பெரிய எழுத்து வசதியைப் பராமரிக்க ஆளில்லை, எடுத்துவிடலாம் என்றாள் கெசீனா. வால்டெமார் எல்லோரும் படிக்கும் மடற்குழுவில் அவளை ஈரமில்லாதவள் என்று எழுதிவிட்டு, நிரலை அப்படியே பிரதி எடுத்து, 'லிண்டே' என்று பெயர் மாற்றி வெளியிட்டான்.

சனிக்கிழமை காலை, தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் ஓபர்லே தொலைபேசியில் அழைத்தார். அவரைப் போன்றவர்களுக்காகத்தான் இத்தனை சண்டையும்.

"உங்க புதுசைப் போட்டேன், ஹெர் கீனாஸ்ட். எழுத்தெல்லாம் எறும்பா ஊருது. பெருசாக்குற பொத்தானே கண்ணுக்குத் தெரியல. நாளைக்குப் பாட்டுத் தாள் அடிக்கணும். சபையை வாய மூடிட்டு நிக்கச் சொல்லவா?"

சாயங்காலத்துக்குள் சரிசெய்வதாக வாக்குக் கொடுத்தான். அதற்குள் இன்னும் நாற்பது பேர் அதே குறையை எழுதியிருந்தார்கள். எழுத்தை வரையும் பகுதியை வரிவரியாகத் துழாவினான். எழுந்தான், உட்கார்ந்தான், ஜன்னலைத் திறந்தான், மூடினான். காப்பி ஆறிப்போனது. பிழை அகப்படவில்லை.

நாலு மணிக்குக் கெசீனாவிடமிருந்து ஒரு மடல் வந்தது. கூடவே மூன்று வரித் திருத்தம்.

"பேரை ஒரே அடியா எல்லா இடத்துலயும் மாத்திட்டே. அவங்கவங்க அமைப்புகளைச் சேமிக்கிற கோப்புறை பேரும் அதோட மாறிடுச்சு, பெரிய எழுத்துன்னு அவங்க வச்சது பழையதுலயே நின்னுடுச்சு. பழைய கோப்புறை இருந்தா அதைப் படிக்கிற மாதிரி பண்ணியிருக்கேன். என் பேரைப் போட வேண்டாம்."

அப்படியானால் அவள் லிண்டேயை இறக்கி, ஓட்டிப் பார்த்திருக்கிறாள். அவனுக்குக் காது சுட்டது. உதவியை யார் கையில் கொடுத்தனுப்புவது என்று கடவுள் நம்மிடம் கேட்பதில்லை.

அதே மூன்று வரியைத் தானே எழுதியதாகச் சேர்த்தால் ஒருவருக்கும் தெரியாது. விரல் தயங்கியது. பிறகு, எழுதியவர் என்ற இடத்தில் அவள் பெயரை இட்டே சேர்த்தான்.

ஆறு மணிக்கு ஓபர்லே அழைத்து, அச்சுப்பொறி ஓடும் சத்தத்தையே கேட்க வைத்தார்.

வால்டெமார் மடற்குழுவைத் திறந்தான். எழுதினான், அழித்தான், அறையைச் சுற்றி நடந்தான். கடைசியில் ஒரே வரிதான் போனது: "கெசீனாவை ஈரமில்லாதவள் என்று சொன்னேன், அது பொய்."