முறை வைத்த ரகசியம்

எங்கள் குடும்ப ரகசியம், கூட்டுக்கிணற்றுத் தண்ணீரைப் போல, முறை வைத்து வருகிறது. திங்கள் முதல் புதன் வரை அண்ணன் சன்னாசிக்குத் தெரியும். வியாழன் முதல் ஞாயிறு வரை எனக்குத் தெரியும். காலை ஆறு மணிக்கு முறை மாறும், மாறியதும் மறந்துவிடும். அப்பா இறந்தபோது ஊர்ப் பெரியவர்கள் எழுதிக்கொடுத்த ஏற்பாடு.

தங்கை சிட்டம்மாளுக்கு மட்டும் முறை இல்லை. அவளுக்குத்தான் அது தேவைப்பட்டது. கூலிப் போராட்டத்தில் நான் பதுங்கியிருந்த சோளக்காட்டைக் காட்டிக்கொடுத்தவன் அவள் புருஷன் பரமன் என்று ஊரே சொன்னது. நானும் நோட்டீஸில் எழுதினேன். முப்பது வருஷமாக அவன் பக்கத்தில் நின்று யாரும் டீ குடித்ததில்லை.

பெண்ணுக்குக் கிணற்றில் பங்கு உண்டு, ரகசியத்தில் கிடையாதா? நான் ஒன்பது தடவை சிறைக்குப் போனவன். தாலுகா ஆபீஸ் முன்னால் பதினோரு நாள் உட்கார்ந்தேன். கூட இருந்த தோழர்கள் எல்லாம் பதவி வாங்கிக்கொண்டு போய்விட்டதால் தனியாகத்தான் உட்கார்ந்தேன். வியாழக்கிழமை வந்ததும் எழுந்து வீட்டுக்குப் போய்விடத் தோன்றியது. ஏன் என்று திங்களன்று நினைவில்லை. போராட்டத்தைப் பாதியில் விட்டு எனக்குப் பழக்கமும் இல்லை. கடைசியில், என் பங்கிலிருந்து வெள்ளிக்கிழமையை அவளுக்கு எழுதினார்கள்.

முதல் வெள்ளி. ஆறு மணிக்கு முறை மாறியது. ஆறே காலுக்குச் சிட்டம்மாள் டீக்கடைக்கு வந்தாள்.

"அண்ணே, உன்னையக் காட்டிக்கொடுத்தது நம்ம அப்பன். பண்ணையாரு காதுல ஓதுனது அவருதான். வாரத்துல நாலு நாள் இதத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, மிச்ச நாள் எம் புருஷன ஏசுனியே, வெக்கமா இல்ல?"

"இன்னைக்கு உன் முறை. எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல? எழுது."

எழுதினேன். மதியத்துக்குள் அச்சாகிவிட்டது. பரமன் டீக்கடையில் எங்கள் நடுவில் நின்று அதைப் படித்தான்.

"முப்பது வருஷமா உங்க நோட்டீஸப் படிக்கிறேன் மச்சான். இதுலதான் பொய் இல்ல."

சாயங்காலம் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். ஊருக்குத் தெரிந்தது ரகசியம் ஆகாது, திங்களுக்குள் வேறு ரகசியம் வைக்காவிட்டால் மூவருக்கும் முறை ரத்து என்றார். போராடி வாங்கியதை விட முடியாது.

"அப்பன் பண்ணுனது போதும்ணே," என்றாள் சிட்டம்மாள். "நாம ஒண்ணு பண்ணுவோம்."

சனிக்கிழமை காலை மூன்று பேரும் கடப்பாரையோடு கிளம்பினோம்.

இன்று செவ்வாய், அண்ணன் முறை. என்ன செய்தோம் என்று எனக்குத் தெரியாது. இடுப்பு வலிக்கிறது, மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஊருக்கு மேற்கே இருந்த கரட்டுக் குன்றைக் காணவில்லை என்று பேசிக்கொள்கிறார்கள். சாயங்கால வெயில் இப்போது எங்கள் வாசல்வரை வருகிறது.