பக்கத்துக் கட்டில்

நிலுக்சன் விடியவே எழும்பினான். கிணற்றடியில் முகம் கழுவினான். கேத்தலில் தண்ணீர் வைத்தான். பாண் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு சந்திக்கு வந்ததும் பாதிப் பாண் வாங்கினான். சம்பல் இடித்துப் பல நாள். சீனி தொட்டுத் தின்றான். கசங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை வெளியே தள்ளினான். மனைவி றஜிதா போனதிலிருந்து இதே ஒழுங்குதான். இதில் யாரோடும் கதைக்கத் தேவையில்லை என்பது ஒரு வசதி.

முந்தலுக்குக் கிட்ட ஒரு இறால் பண்ணையில் அவனுக்கு வேலை. கம்பசில் விலங்கியல் படித்தவன். குளத்துத் தண்ணீரின் உப்பைப் பார்ப்பான், இறால் ஏன் சாகிறது என்று முதலாளிக்குச் சொல்வான். அதைச் சொல்லத் தெரிந்தவனுக்கு மனைவி டெங்குக் காய்ச்சலில் ஏன் செத்தாள் என்று சொல்லத் தெரியவில்லை. டொக்டர் விளக்கினார். அவனுக்கு விளங்கியது. விளங்கியும் ஒன்றும் ஆகவில்லை.

அன்று திங்கட்கிழமை. ஆன்மாக்களுக்கு மெழுகுதிரி கொளுத்துகிற நாள். கல்லறைகள் இருக்கிற சேமக்காலையைக் கடக்கும்போதே றஜிதாவின் குழியடியில் சனம் தெரிந்தது. மண்மேடு மறுபடியும் பள்ளமாகியிருந்தது. வருகிற ஆட்கள் ஆளுக்கொரு பிடி மண் எடுத்து லேஞ்சித் துணியில் முடிந்துகொண்டு போகிறார்கள். கண்நோவுக்கு நல்லதாம். ஞாயிறு பின்னேரங்களில் நிலுக்சன் கடற்கரையிலிருந்து வாளியில் மணல் கொண்டுவந்து நிரப்புவான். திங்கள் வந்தால் பழையபடி பள்ளம்.

குழியின் கால்மாட்டில், தலையை முக்காடால் மூடிய ஒரு பெண் காத்து நின்றாள். புத்தளத்திலிருந்து வந்த ஆசியா உம்மா.

"தம்பி, நீங்கதானே இந்தப் புள்ளட மாப்புள?"

"ஓம்."

"எண்ட மகள் அஸ்ரியாக்கு கண்ணுல பூ விழுந்திருக்கு. ஒரு பிடி எடுக்கவா? கேக்காம எடுத்தா களவு."

"எடுங்க. ஆனா அது நேத்து நான் கடற்கரையில அள்ளிக் கொட்டின மணல், உம்மா."

"அதுக்கென்ன? கடலும் அல்லாட, மணலும் அல்லாட. வாளி மட்டுந்தான் ஒங்கட."

வேறொரு காலமாக இருந்தால் சிரித்திருப்பான். அவள் முடிச்சைப் போட்டுக்கொண்டு பேருந்துக்கு நடந்தாள். இதுவரை எடுத்தவர்களில் அவனிடம் கேட்டு எடுத்தவள் அவள் ஒருத்திதான்.

இதெல்லாம் டொறத்தியால் வந்தது. ஆஸ்பத்திரியில் றஜிதாவின் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவள். வடக்கே ஒரு மீன்வாடியில் கருவாடு காயப்போடுகிறவள். மூளைக்காய்ச்சலில் அவளுடைய இரண்டு கண்ணும் போயிருந்தன. திரும்பிவரும் என்று சொல்ல ஏலாது என்றார்கள். றஜிதா செத்த அன்று விடியற்காலையில் டொறத்திக்குக் கண் தெரிந்தது. ஊர் ஊராகக் கோயில்களில் இந்த அற்புதத்துக்குச் சாட்சி சொன்னாள். முதல் சாட்சியில், பக்கத்துக் கட்டில் பிள்ளை தனக்காகச் செபித்தாள் என்று மட்டும் இருந்தது. நிலுக்சனின் கோயிலுக்கு வந்து சேரும்போது அந்தச் செபத்துக்குச் சொற்கள் முளைத்துவிட்டன: "ஆண்டவரே, என் கண்ணின் ஒளியை இந்தச் சகோதரிக்குக் கொடும்." சனம் அழுதது. பின்வாங்கில் இருந்த நிலுக்சன் எழும்பி வெளியே போனான்.

அவன் வயிற்றில் எரிந்தது பொறாமை. அதற்கு வேறு பெயர் வைத்துப் பார்த்தான், பொருந்தவில்லை. அந்த ஆஸ்பத்திரி வாட்டில் ஒரு இரவு, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டில். ஆண்டவர் வந்து பிழையான கட்டிலைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். அதைக்கூடப் பொறுக்கலாம். பெண்கள் வாட்டில் இரவில் ஆண்கள் நிற்க ஏலாது என்று அவனை அனுப்பிவிட்டார்கள். றஜிதாவின் கடைசிக் குரல் அந்தக் கருவாட்டுக்காரியின் காதில் இருக்கிறது. கடைசி மூச்சையும் ஊராளுக்குக் கொடுத்துவிட்டு, கட்டினவனுக்கு ஒரு சொல்கூட வைக்காமல் போனாளா? அதுதான் அவனுக்குத் தெரியவேண்டும்.

வெளியே வரும்போது சேமக்காலை வாசலில் ஜோர்ஜ் ஃபாதர் மறித்தார்.

"திருநாளுக்கு டொறத்தி வாறா. நீங்களும் பக்கத்தில நிண்டா நல்லம், நிலுக்சன்."

"என்னட்டச் சாட்சி ஒண்டும் இல்ல, ஃபாதர்."

"கண் தெரியாத ஆளுக்குத் தெரியிறது ஒரு புதுமை. கண் இருக்கிற நாங்க காணுறது அதைவிடப் பெரிய புதுமை."

"நான் காணுறது ரெண்டு கட்டில், ஃபாதர். ஒண்டுக்குத்தான் கிடைச்சது."

ஃபாதர் அவனுடைய தோளில் கைவைத்தார். பிறகு வாசலை விட்டு விலகி வழிவிட்டார். அது அவருடைய நல்ல குணம்.

நிலுக்சன் பண்ணைக்குப் போகவில்லை. யுத்தம் முடிந்தபிறகு போட்ட புது றோட்டால் மோட்டார் சைக்கிளை வடக்கே, டொறத்தியின் வாடிக்கு விட்டான்.

வாடியில் பாய் பாயாகச் சாளை காய்ந்துகொண்டிருந்தது. டொறத்தி குனிந்து புரட்டிக்கொண்டிருந்தாள். கோயிலில் வெள்ளை நெட் தலையில் போட்டு நின்ற பெண்ணைவிட இவள் கறுப்பு, கட்டை. நிமிர்ந்து பார்த்தாள்.

"றஜிதாட மனுசன்."

"எப்பிடித் தெரியும்?"

"அண்டைக்கு விடிய வாட்டு வாசல்ல கண்டனான்."

"கண் இப்ப நல்லாத் தெரியுதோ?" கேட்ட குரலில் இருந்த நஞ்சு அவனுக்கே கேட்டது.

"கருவாட்டுப் புழு தெரியிற அளவுக்குத் தெரியுது, தம்பி. முந்தி எல்லாத்தையும் வித்தனான். இப்ப எறிய வேண்டியிருக்கு."

அவன் சிரிக்கவில்லை. அவளும் நிறுத்திக்கொண்டாள்.

"அவ அந்தச் செபம் சொன்னவவா? கண்ணின் ஒளியை இந்தச் சகோதரிக்குக் கொடும் எண்டு?"

"உங்கட பொஞ்சாதி வீட்டில அப்பிடித்தான் தமிழ் கதைக்கிறவவா?"

"இல்ல."

"பிறகு?" டொறத்தி பாயின் ஓரத்தில் குந்தினாள். "எங்கட கோயில்ல கேட்டாங்க, அந்தப் பிள்ளை உனக்காகச் செபிச்சதா எண்டு. செபமாலை சொன்னவதானே, ஓம் எண்டன். அடுத்த இடத்தில என்ன சொல்லிச் செபிச்சது எண்டாங்க. சனம் வாயைப் பாத்துக்கொண்டு நிக்கேக்க, தெரியாது எண்டு சொல்ல வருமா? வாயில வந்திச்சு. எனக்குப் பார்வை வந்தது மெய். ஆண்டவர்தான் தந்தார். அதில பொய் இல்ல."

"அவ கடைசியாச் சொன்னது என்ன?"

"முகத்தைக் காட்டுங்க. சொல்லுறன்."

"என்ன முகம்?"

"அவட முகம். பக்கத்துக் கட்டில்ல கிடந்தும் நான் காணல்ல. கண்ட ஆக்களெல்லாம் ஃபோனைத் தூக்கிக்கொண்டு காட்ட வந்தவங்க. பாக்கமாட்டன் எண்டிட்டன். நீங்க காட்டவேணும்."

அதையும் அவளுக்குக் கொடுக்க அவனுக்கு மனமில்லை. ஃபோனை எடுத்தவன் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தான். பிறகு நீட்டினான். முந்தல் சந்தியில் ஐஸ்கிறீம் வழிய வழியத் தின்கிற றஜிதா. எடுக்காதே என்று முறைக்கிற றஜிதா.

டொறத்தி கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினாள். வெயிலுக்கு முதுகு காட்டித் திரும்பி நின்று பார்த்தாள். கனநேரம் பார்த்தாள்.

"இவ்வளவு சின்னவவா," என்றாள். "குரல் பெரிசு."

நிலுக்சன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஓம், குரல் பெரிசுதான். அதை இன்று வரைக்கும் யாரும் அவனிடம் சொல்லவில்லை.

"அதுக்கு முதல்நாள் பின்னேரம் எனக்கு இடக்கண்ணில லைட் வெளிச்சம் லேசா விழுந்தது," என்றாள் டொறத்தி. "நேர்ஸ் வந்து பாத்திட்டு, விடிய இன்னும் தெளிவாத் தெரியும் எண்டா. வாட்டில எல்லாரும் தோத்திரம் சொன்னவங்க. அவ மட்டும் சொல்லல்ல."

"ஏன்?"

"கோவம். பக்கத்துக் கட்டிலுக்குக் கிடைச்சா ஆருக்குத்தான் வராது?"

அவன் அவளைப் பார்த்தான். இத்தனை நாளும், சனம் புனிதையாக்கிய றஜிதாவுக்கு முன்னால் நின்று பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தான், தனியாக.

"கனநேரம் அங்கால திரும்பிக் கிடந்தா. பேந்து கட்டில் கிறீச்செண்டிச்சு. என்ட பக்கம் திரும்பினா எண்டு விளங்கிச்சு. ஒண்டு சொன்னா. அதுக்குப் பிறகு கதைக்கல்ல. நான் முழிச்சுப் பாக்கேக்க விடிஞ்சிருந்தது. பக்கத்தில வெறும் றெக்சின் மெத்தை. எனக்குப் பார்வை வந்து முதல் முதல் கண்டது அதுதான், தம்பி. அதை எந்தக் கோயில்ல நிண்டு சொல்லுறது?"

"என்ன சொன்னவ?"

டொறத்தி ஃபோனை அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள். கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"விடிய என்ட மனுசன் வருவார். எனக்கு முதல் நீங்க அவரைப் பாத்திராதீங்க, அக்கா. எனக்குப் பொறாமை வரும்."