வெறும் வயிற்று வேகம்

ஜப்பானின் மியாசகியில் ஒரு காகித ஆலையின் பெண்கள் ஓட்ட அணியில் கனாயே நான்கு வருஷமாக இருந்தாள். திறமைசாலிதான், ஆனால் தொடரோட்டத்துக்கு ஆள் எடுக்கும்போதெல்லாம் ஓர் இடம் வித்தியாசத்தில் வெளியே நின்றுவிடுவாள். அந்த இளவேனிலில் கோச் குரோகி புது முறை ஒன்றைக் கொண்டுவந்தார். பொழுது சாயுமுன் இரவுச் சாப்பாடு. பிறகு மறுநாள் மதியம் வரை தண்ணீரும் தேநீரும்தான். காலை ஓட்டம் வெறும் வயிற்றில்.

"கட்டாயமில்ல. இஷ்டப்பட்டவங்க செய்யலாம்" என்றார் அவர். இடம் உறுதியில்லாத எல்லோருக்கும் அன்றே இஷ்டம் வந்துவிட்டது.

கனாயே பறந்தாள். கோடைத் தொடக்கத்து மழைக்காலம் முடிவதற்குள் தன் பழைய நேரங்களையெல்லாம் உடைத்தாள். அணியில் இடம் கிடைத்தது. அதே அணியில் ஓடி, விடுதி அறையையும் பகிர்ந்துகொண்ட தமாகி மட்டும் காலையில் அவள் எதிரிலேயே முட்டையை உடைத்துச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவாள்.

"காத்தைக் குடிச்சே ஓடுறியே, உனக்கு எதுக்குடி மெஸ் பில்லு?"

கனாயே சிரித்தாள். அப்போது சிரிக்க முடிந்தது.

இலையுதிர்காலத்தில் வேகம் விழ ஆரம்பித்தது. பட்டினி போதவில்லை என்றுதான் அவளுக்குத் தோன்றியது. மதியச் சாப்பாட்டைச் சாயங்காலத்துக்குத் தள்ளினாள். வேகம் இன்னும் விழுந்தது. குளியலறைச் சாக்கடையில் கொத்துக்கொத்தாக முடி. மாதவிலக்கு நின்று எத்தனையோ மாதம். இரவெல்லாம் விழித்துக் கிடந்து சோற்றை நினைத்தாள். விடிந்ததும் அப்படி நினைத்ததற்காகத் தன்னையே கரித்துக்கொட்டினாள். தொடை இடுக்கில் ஊசி குத்துவதுபோல் ஒரு வலி வந்தது, போகவில்லை.

யாருக்கும் தெரியாமல் பக்கத்து ஊர் டாக்டரிடம் போனாள். அவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இடுப்புக்கிட்ட தொடை எலும்புல விரிசல் விட்டிருக்கும்மா. எழுபது வயசு எலும்பு மாதிரி இருக்கு. ஓட்டத்தை இன்னிக்கே நிறுத்து. நேரத்துக்குச் சாப்பிடு."

"அடுத்த வாரம் போட்டி இருக்கு டாக்டர். அது முடிஞ்சதும்…"

"முடிஞ்சதும் நீ நடப்பியான்னே எனக்குத் தெரியல."

கனாயே தலை குனிந்து நன்றி சொல்லிவிட்டு வந்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. இடத்தை விட்டால் அது திரும்பி வராது.

போட்டியில் அவளுக்கு மூன்றாவது கட்டம். ஒருவர் அடுத்தவருக்குக் கைமாற்றும் அணியின் துணிப்பட்டையைத் தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டு கடலோரச் சாலையில் ஓடினாள். பட்டையை வாங்க அடுத்த முனையில் தமாகி காத்திருந்தாள். அந்த முனை கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் இடுப்பில் ஏதோ மளுக்கென்றது. கனாயே விழுந்தாள். எழுந்தாள். சாலைத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலால் நொண்டினாள். மறுபடி விழுந்தாள்.  வாயிலிருந்து விலங்கு மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது.

யாராவது தொட்டால் அணி முழுக்க வெளியே. எல்லோருக்கும் தெரிந்த விதி.

"தொடாதே! தமாகி, தொடாதே!" என்று ஓரத்திலிருந்து குரோகி கத்தினார்.

தமாகி பட்டை மாற்றும் கோட்டைத் தாண்டி ஓடிவந்து அவளைக் கட்டிப் பிடித்துத் தரையில் உட்கார வைத்தாள்.

"விடுடி! இன்னும் கொஞ்ச தூரம்தான்! விடு!" கனாயே அவளை அடித்தாள், கையில் கடித்தாள். தமாகி விடவில்லை.

எலும்பில் திருகாணி போட்டுப் பொருத்தினார்கள். தமாகி தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். விடுதியில் யாரும் அவளோடு பேசுவதில்லை என்பதை அவள் சொல்லவில்லை. கனாயேவுக்குத் தானே புரிந்தது. ஒருநாள் தமாகி வேறொன்றைச் சொன்னாள்.

"ஹோசுமிக்குத்தான் உன் இடம். அவளும் காலையில சாப்பிடுறதில்ல. 'அக்கா முறை தெரியாம செஞ்சாங்க, நான் சரியா செய்வேன்'ங்கிறா."

ஹோசுமி அந்த வருஷம்தான் பள்ளி முடித்துச் சேர்ந்தவள். கனாயே போர்வையை விலக்கினாள்.

"என்னை விடுதிக்குக் கூட்டிட்டுப் போ."

"பைத்தியமா? தையலே இன்னும் பிரிக்கல."

"கூட்டிட்டுப் போடி. உன் கால்ல விழ என்னால முடியாது, இல்லன்னா விழுந்திருப்பேன்."

சக்கர நாற்காலியில் சாப்பாட்டுக் கூடத்துக்குள் போனபோது எல்லோரும் எழுந்து வணங்கினார்கள். கனாயே முடி, எலும்பு, நின்றுபோன மாதவிலக்கு என்று எதையும் ஒளிக்காமல் சொன்னாள். குரோகி வாசலில் நின்று கேட்டார். பிறகு சத்தமில்லாமல் போய்விட்டார். ஹோசுமி மரியாதையாகக் காத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. ஆரம்பத்துல எவ்வளவு வேகம் கூடிச்சு?"

கனாயேவுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நிறைய" என்றாள்.

அந்தப் பெண்ணின் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் வழியெல்லாம் கனாயே அழுதாள்.

ஓட்டத்தை விட்டு ஆலை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஊன்றுகோலோடு தினமும் காலையில் அந்தக் கூடத்துக்கு வந்தாள். ஹோசுமிக்கு எதிரே உட்கார்ந்து, தொண்டையில் இறங்க மறுக்கும் சோற்றை வாய் வாயாக விழுங்கினாள்.

"எதுக்குக்கா இப்படிக் கஷ்டப்படுறீங்க?"

"நீ சாப்பிடுற வரைக்கும் வருவேன்."

பனி விழுந்த ஒரு காலையில் ஹோசுமி சூப் கிண்ணத்தை எடுத்துப் பாதி குடித்தாள். சோற்றைத் தொடவில்லை. "நேரமாச்சுக்கா" என்று எழுந்து காலை ஓட்டத்துக்குப் போனாள். கனாயே மீதிச் சூப்பையும் அந்தச் சோற்றையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.