பாத்திக்கு மேலே பறக்கும் ஈயம்

“மண்ணைச் சோதனைக்கு அனுப்புங்கோ அங்கிள். முடிவு வருமட்டும் ஒருத்தரும் இங்கை கீரைக்கண்டு நடக்கூடாது.”

இதைக் கேட்கவே கூடாது என்று அம்மா வேரோனிக்கா காரில் வரும்போதே மூன்று தரம் சொல்லியிருந்தார். ஷரோன் கேட்டுவிட்டாள். அதுவும் தோட்டச் சங்கத்தின் மே மாதக் கூட்டத்தில், முப்பது பேருக்கு முன்னால்.

ரொறன்ரோவின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கிறது அந்தச் சமூகத் தோட்டம். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், விமானம் ஓட்டப் பழக்கும் சிறு ஓடுதளம். பத்து நிமிடத்துக்கு ஒன்று தலைக்கு மேலே உறுமிக்கொண்டு போகும். கார் பெற்றோலில் ஈயத்தைத் தடைசெய்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. இந்தச் சின்ன விமானங்களின் எரிபொருளுக்கு மட்டும் இன்னும் விதிவிலக்கு.

சங்கத் தலைவர் அருள்நாயகம் சிரித்தார். “பிள்ளை, பிளேன் மேலை போகுது. எங்கட கீரைப் பாத்தியிலையே இறங்குது?”

கூட்டமும் சிரித்தது.

“புகை இறங்குது அங்கிள். அக்கான்ர மகளுக்கு ரெண்டு வயசு. ரத்தத்திலை ஈயம் கூடவாம். வீட்டுப் பெயின்ற், தண்ணிக் குழாய் எல்லாம் பாத்தாச்சு. மிச்சம் இந்த மண்தான். போன வருசம் முழுக்க இந்தக் கீரையைத்தான் மசிச்சுக் குடுத்தனாங்கள்.”

சிரிப்பு நின்றது. அருள்நாயகம் குரலைத் தாழ்த்தினார்.

“ஒன்பது வருசம் லிஸ்டிலை நிண்டு எடுத்த தோட்டத் துண்டுகள். ஈயம் எண்டு ஒரு சொல் வெளியிலை போனா சிற்றிக் கவுன்சில் வந்து தோட்டத்தைப் பூட்டிப்போடும். அந்த ஓடுதளக்காரற்ர பிளேன் நிக்காது. எங்கட தோட்டம்தான் போகும். படிச்ச பிள்ளை, உது விளங்கேல்லையே?”

அதில் உண்மை இருந்தது. அதுதான் ஷரோனுக்கு இன்னும் ஆத்திரமூட்டியது.

“நான் குடும்பத்திலை முதல் பட்டதாரி எண்டு கேக் வெட்டேக்கை முன்வரிசையிலை நிண்டனீங்கள். இப்ப படிச்சதைச் சொன்னா விளங்காத பிள்ளையோ?”

“வாயை மூடடி,” என்று அம்மா அவளுடைய ஜக்கற்றைப் பிடித்து இழுத்தார்.

“எல்லாரும் மூடினபடியாத்தான் அம்மா அந்த விதிவிலக்கு இன்னும் கிடக்கு. நஞ்சை விசிறுறவனை ஒருத்தரும் கேக்கேல்லை. தின்னுறவைதான் ஒளிக்கினம். பாதிக்கப்பட்டவை பேசாட்டி சட்டம் ஒருநாளும் மாறாது.”

“சரி, வாக்குக்கு விடுவம். சோதிக்க வேணும் எண்டுறவை கையை உயர்த்துங்கோ,” என்றார் அருள்நாயகம்.

“தேவையில்லை அங்கிள். போன வெள்ளிக்கிழமையே எங்கட வீட்டுத் துண்டு மண்ணை லாப்புக்கு அனுப்பிட்டன். முடிவு என்னவெண்டாலும் சிற்றிக்கும் போகும், ஒட்டாவா அரசாங்கத்துக்கும் போகும். அதோடை போற கடிதத்திலை நீங்களும் என்னோடை கையெழுத்து வைப்பியளோ எண்டு பாக்கத்தான் வந்தனான்.”

அம்மாவின் பிடி தளர்ந்தது. ஷரோன் கேற்றைத் திறந்துகொண்டு தெருவுக்கு நடந்தாள்.