ஒலிபெருக்கியில் கேட்ட இருமல்

காலையில் எழுந்ததும் டென்னிஸ் செய்கிற முதல் வேலை, ஆம்ப்ளிஃபயர் மேல் போர்த்தியிருக்கும் பழைய புடவையை எடுத்து வாசலில் உதறுவதுதான். உதறினால் கரித்தூள் பறக்கும். மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில் அவன் குடியிருக்கும் தெருவுக்கு எதிரிலேயே அரிசி ஆலை. அங்கே உமி எரிகிற புகைபோக்கி, வெளுத்த வேட்டி, காயப்போட்ட வடகம் என்று பேதம் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் கறுப்புப் பொட்டு வைத்துவிடும். ஆனால் 'டென்னிஸ் சவுண்ட் சர்வீஸ்' சாமான் மேல் மட்டும் ஒரு பொட்டு விழ அவன் விடமாட்டான்.

"தூசு உள்ள பூந்துச்சுன்னா கரகரன்னு கத்தும். அப்புறம் மெஷின் காலி" என்பான்.

அன்றும் உதறினான். வாசல் தெளித்துக்கொண்டிருந்த அவன் மனைவி ரீத்தா, வாளியைக் கீழே வைத்துவிட்டு இருமினாள்.

"ஐஸ் தண்ணி குடிச்சா இப்பிடித்தான்" என்றான் டென்னிஸ்.

"நம்ம வூட்டு ஃபிரிட்ஜு கெட்டுப்போயி ஆறு மாசம் ஆவுது. ஐஸ் தண்ணிக்கு நான் எங்க போவேன்?"

டென்னிஸ் புடவையை இன்னொரு தரம் உதறினான். மாதா கோயில் திருவிழாவில் மைக் கட்டப் போன இடத்தில் பாடகர் குழுவில் இவள் பாடியதைக் கேட்டுத்தான் அவன் இவளைக் கட்டிக்கொண்டதே. இப்போது ஒரு பாட்டை முழுதாகப் பாட ரீத்தாவுக்கு மூச்சு போதவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு அவள் குழுவில் நிற்கவே இல்லை. அதற்கு அவன் ஐஸ் தண்ணீரைச் சொன்னான், ஊறுகாயைச் சொன்னான், பனியைச் சொன்னான். எதிரே இருக்கும் ஆலைப் புகைபோக்கியை மட்டும் சொல்லவில்லை. ஆலைக்காரர்கள் அவனுக்கு வாடிக்கைக்காரர்கள்.

அந்த ஆலைக்காரர்கள்தான் இப்போது பக்கத்து நிலத்தில் உமியும் கரும்புச் சக்கையும் எரித்து மின்சாரம் எடுக்கும் பெரிய ஆலை கட்டப் போகிறார்கள். அதனால் சுற்றுப்புறத்துக்கு என்ன ஆகும் என்று அறிக்கை தயாரித்து, ஊர் மக்களின் கருத்தைக் கேட்க அன்று கூட்டம். மைக் டென்னிஸுடையது. இரண்டு நாளாக ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, "பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் வந்து கருத்துச் சொல்லலாம்" என்று தெருத்தெருவாகக் கூவியதும் அவன்தான்.

பந்தலுக்குப் பின்னால் ஆலை மேலாளர் தீனதயாளன் அவனைத் தனியாக அழைத்தார்.

"இன்னைக்கு நல்லபடியா முடிஞ்சா, தெறப்பு விழால இருந்து வருசா வருசம் ஆயுத பூஜை வரைக்கும் உன் சவுண்டுதான். ஒரே ஒரு வேல. யார்னா ஏடாகூடமா பேசினா நான் கர்சீப்பால மூஞ்சியத் தொடைப்பேன். நீ சவுண்டக் கம்மி பண்ணிடு. ஒயர் கோளாறுன்னு சொல்லிக்கலாம்."

டென்னிஸ் தலையாட்டினான். ஒரு திருகைத் திருகுவதில் என்ன பாவம் வந்துவிடப் போகிறது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான்.

கூட்டம் தொடங்கியது. மேடை நடுவே மாவட்ட அதிகாரியான அம்மா உட்கார்ந்திருந்தார். அறிக்கை தயாரித்த சிவசங்கர் எழுந்து, அந்த வட்டாரத்தில் இருக்கும் மயில், கீரி, வேப்பமரம், கிணறு எல்லாவற்றையும் அழகாக வாசித்தார். பந்தலுக்குள் அடுப்படி வெக்கை. தீனதயாளன் கர்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்தார். டென்னிஸ் வாக்குத் தவறாதவன். உடனே திருகைத் திருகினான். சிவசங்கரின் குரல் கிணற்றுக்குள் போய்விட்டது.

தீனதயாளன் ஓடி வந்து, "யோவ், இது நெசமான வேர்வைய்யா!" என்று பல்லைக் கடித்தார். சத்தம் திரும்பி வந்தது. முன்வரிசையில் சிரிப்பு.

அடுத்து விவசாயி கொளஞ்சியப்பன் எழுந்தார். "எங்க புள்ளைங்களுக்கு வேல குடுப்பீங்களா?" என்றார். கொடுப்போம் என்றார்கள். கைதட்டல். அதற்குப் பின் மைக்கின் முன்னால் வந்து நின்றவளைப் பார்த்ததும் டென்னிஸ் எழுந்துவிட்டான். ரீத்தா!

"நீ எங்க இங்க?" என்று சைகையில் கேட்டான்.

"நீங்கதான தெருத்தெருவா கூப்டீங்க" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டாள். பந்தல் கலகலத்தது. அவள் மேடைப் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, வேல வரட்டும், நாங்க வேணாங்கல. மயில எண்ணிக்கிறீங்க, கீரிய எண்ணிக்கிறீங்க. சந்தோசம். பழைய ஆலைக்கு எதுத்தாப்ல குடியிருக்கற எங்கள யார்னா வந்து பாத்தீங்களா? எத்தினி பேரு இருமிக்கினு கெடக்கறோம்னு கேட்டீங்களா?"

தீனதயாளன் கர்சீப்பால் முகத்தை அழுந்தத் துடைத்தார். இது வேர்வை இல்லை என்று டென்னிஸுக்குத் தெரிந்தது. கை தானாகத் திருகுக்குப் போனது. ரீத்தாவின் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. அவள் மைக்கைத் தட்டிப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அதற்குள் இருமல் வந்துவிட்டது; மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினாள். அந்த இருமலும் யாருக்கும் கேட்கவில்லை.

டென்னிஸ் தலைகுனிந்தான். ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் அந்தப் பழைய புடவை, கறுத்துப்போய்க் கிடந்தது. இரும்புப் பெட்டிக்குத் தூசு ஆகாது என்று புடவை போர்த்தத் தெரிந்தவனுக்கு, ஒரு காலத்தில் அந்தப் புடவையைக் கட்டியிருந்தவளின் நெஞ்சுக்கும் தூசு ஆகாது என்று தோன்றாமல் போயிற்றே! வெட்கம் பிடுங்கித் தின்றது. திருகைப் பிடித்துக் கடைசிவரை திருகிவிட்டான்.

நாலு குழாயிலும் ரீத்தாவின் இருமல் முழங்கியது. பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அதைக் கேட்டு, அதுவரை அடக்கி வைத்திருந்த கொளஞ்சியப்பனும் இருமினார். பின்வரிசையில் இன்னும் இரண்டு பேர். முதலில் சிரித்த பந்தல், இருமுகிறவர்களை எண்ணத் தொடங்கியது.

அதிகாரி சிவசங்கரிடம் கேட்டார்: "உங்க அறிக்கையில மக்கள் உடல்நலம் எந்த இடத்துல இருக்கு?"

"காற்றின் தரத்தை அளந்திருக்கோம், மேடம்."

"காத்த அளந்தீங்க. அதை சுவாசிக்கிறவங்களப் பாக்கலையே?" என்றவர், உதவியாளரிடம் சொன்னார்: "இவங்க கேட்டதை ஒரு வார்த்தை விடாம பதிவு பண்ணுங்க. ஊர் மக்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடத்தி, பழைய புகைபோக்கியையும் சோதிச்ச பிறகுதான் இந்த ஆலையைப் பத்தி முடிவெடுக்கணும்னு நானும் எழுதி அனுப்பறேன்."

டென்னிஸால் சும்மா இருக்க முடியவில்லை. இன்னொரு மைக்கை எடுத்தான். அறிவிப்புச் செய்தே பழகிய வாய்; பழக்கதோஷத்தில் பேச்சும் அறிவிப்பாகவே வந்தது.

"பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு! ஆலை வரட்டும், வேலையும் வரட்டும். ஆனா அஸ்திவாரம் தோண்டறதுக்கு முன்னாடி ஊரு நெஞ்சையும் சோதிச்சுப் பாருங்க. மனுசன் ஆரோக்கியத்த வுட்டுட்டு எழுதற எந்த அறிக்கையும் முழு அறிக்கை இல்ல. அவன் மூச்ச அடகு வெச்சு வர்ற வளர்ச்சி வளர்ச்சியும் இல்ல!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

கூட்டம் கலைந்ததும் தீனதயாளன் வந்து நின்றார். "கர்சீப்பு கிழியற மாதிரி தொடைச்சேனே, கண்ணு தெரியல?"

"தெரிஞ்சுதுங்க சார்" என்றான் டென்னிஸ், ஒயரைச் சுருட்டிக்கொண்டே. "நெசமான வேர்வைன்னு நெனச்சிட்டேன்."

அவர் முறைத்துவிட்டுப் போனார். ஆயுத பூஜையும் அவரோடு போயிற்று. டென்னிஸ் அதைப் பற்றிக் கவலைப்படுவதற்குள் ரீத்தா வந்து, அந்தப் பழைய புடவையை எடுத்து மடித்தாள்.

"இன்னாங்க, ஐஸ் தண்ணி குடிச்ச இருமலு நாலு குழாய்லயும் நல்லா கேட்டுச்சா?"

"ஊருக்கே கேட்டுச்சு" என்றான் டென்னிஸ். "கூடவே குடியிருக்கற எனக்குத்தான் லேட்டா கேட்டுச்சு."