கடைசி ஸ்டாப்பில் ஒரு ரவுண்டு

அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து வெளிநாட்டுப் பயணம் போகிறார்கள் என்றதும் உறவுக்காரர்கள் எல்லாரும் ஒரு மாதிரியாகச் சிரித்தார்கள். இருவருக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. விசேஷ வீடுகளில் பார்த்தால் "நல்லா இருக்கீங்களா அண்ணி?" என்று இவள் கேட்பாள். "இருக்கேம்மா" என்பாள் அவள். அதற்கு மேல் பேச்சு நகராது.

அண்ணி டவுன் பஸ் ஓட்டுகிறவள். வீட்டுக்குள் பேசினாலும் இன்ஜின் சத்தத்தை மீறிப் பேசுவது போலத்தான் இருக்கும். நாத்தனார் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பதைப் போலவே வார்த்தையையும் கத்தரித்துத்தான் கொடுப்பாள். வெளிநாட்டில் வேலையாக இருக்கிற அண்ணியின் மகனுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பேரக்குழந்தையைப் பார்க்கப் போகிறவளுக்குத் துணைக்கு அத்தையும் வரட்டும் என்று அவன்தான் டிக்கெட் எடுத்து அனுப்பினான். அண்ணனுக்கு விமானம் என்ற பேச்சை எடுத்தாலே பயம். அவர் கையசைத்து வழியனுப்பியதோடு சரி.

அந்த டிக்கெட் ஏன் அவ்வளவு மலிவு என்பது நடுவழியில்தான் தெரிந்தது. முன்பின் தெரியாத ஒரு நாட்டில் காலையில் இறக்கிவிட்டார்கள். அடுத்த விமானம் பொழுது சாய்ந்த பிறகுதான்.

நாத்தனார் வசதியான ஒரு மூலையைக் கண்டுபிடித்துவிட்டாள். "இங்கயே உக்காந்துடலாம் அண்ணி. பாத்ரூம்கூட பக்கத்துலயே இருக்கு."

"நாள் பூரா பாத்ரூமப் பாத்துக்கிட்டா உக்காரச் சொல்றே? நான் உக்காந்தே பொழப்பு நடத்துறவ. லீவு போட்டுட்டு வந்தும் உக்காரணுமா? எந்திரி."

பெட்டிகள் நேராகப் போய்ச் சேர்ந்துவிடும். விமானச் சீட்டைக் காட்டியதும் சாயங்காலம் வரை வெளியே போய்வர பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். கைச்செலவுக்கு ஒரே ஒரு நோட்டை மாற்றினார்கள். அதையும் நாத்தனார் மனசில்லாமல்தான் நீட்டினாள். வாசலில் நின்ற டாக்சிக்காரர் விரல்விட்டுக் காட்டிய தொகையைப் பார்த்து அண்ணி கும்பிடு போட்டாள். "அவ்வளவு குடுத்தா வண்டியையே எழுதிக் குடுத்துடுவாரா, கேளு." கடைசியில், ஒரு நாள் முழுக்க எந்த பஸ்ஸில் வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம் என்ற அட்டையை ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டார்கள். கையிலிருந்த காசு அதோடு முக்கால்வாசி கரைந்தது.

மிச்சக் காசை வைத்துக்கொண்டு என்ன பார்ப்பது? பார்ப்பதற்குக் காசு எதற்கு என்றாள் அண்ணி. ஆற்றுப் பாலத்தில் நின்று படகுகளுக்குக் கையாட்டினார்கள். பெரிய துணிக்கடை ஒன்றுக்குள் நுழைந்து தொப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். அகலமான சிவப்புத் தொப்பி ஒன்றை அண்ணி நாத்தனார் தலையில் கவிழ்த்துவிட்டு, "அடடா, ஜமீன்தாரம்மா மாதிரி இருக்கியே!" என்றதும் கடைக்காரப் பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாத்தனார் கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தாள். தொப்பியைத் திரும்ப வைக்கும்போது அவளுக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. பூங்கா பெஞ்சில் ரொட்டியும் வாழைப்பழமும் மதியச் சாப்பாடாயின.

அதற்குப் பிறகு அண்ணி தன் ஆசையைச் சொன்னாள். "ஏதாச்சும் ஒரு பஸ்ஸப் புடிச்சு, கடைசி ஸ்டாப் வரைக்கும் போய்ட்டு வரலாமா?"

"அங்க என்ன இருக்கு?"

"பஸ் திரும்புற எடம் இருக்கும். வேறென்ன?"

முன் இருக்கை இரண்டும் காலியாக இருந்தன. ஓட்டுநரும் ஒரு பெண்தான். குட்டையாக வெட்டிய நரைமுடி, உருண்ட தோள். பஸ் கிளம்பியதும் அண்ணி வேறு ஆளாகிவிட்டாள். வளைவு வந்தால் அவள் உடம்பும் சேர்ந்து வளைந்தது. குறுக்கே ஒரு சைக்கிள் பாய்ந்தபோது அவள் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. "யோவ், வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று தமிழிலேயே கத்தினாள். ஓட்டுநரும் அதே நேரத்தில் தன் பாஷையில் கத்தினாள். அர்த்தம் அதேதான் என்பது குரலிலேயே தெரிந்தது. இருவரும் கண்ணாடி வழியாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசி ஸ்டாப்பில் எல்லாரும் இறங்கிப் போனார்கள். ஓட்டுநர் இவர்களிடம் வந்து கையை விரித்துக் காட்டினாள், இதற்கு மேல் போகாது என்பது போல. அண்ணி செல்போனை எடுத்து ஒரு படத்தை நீட்டினாள். காக்கிச் சட்டையும் அவளுமாக, தன் பஸ்ஸின் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருக்கிற படம்.

அவ்வளவுதான். அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் பக்கத்து டிப்போவிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அண்ணியின் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. ஓய்வறைக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சூடாக டீ கொடுத்து, படத்தை ஒவ்வொருவருக்கும் காட்டினாள். படத்தின் ஓரத்தில், படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்த பயணிகளைப் பார்த்து அவர்கள் வாயைப் பிளந்தார்கள். "இது கூட்டமே இல்லப்பா, கொறச்சல்" என்றாள் அண்ணி. புரியாமலே எல்லாரும் சிரித்தார்கள்.

டிப்போவின் பின்பக்க மைதானத்தில், புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பழைய பஸ் ஒன்று நின்றது. நரைமுடிக்காரி மேலாளரிடம் என்னவோ கெஞ்சினாள். அவர் முதலில் தலையை ஆட்டி மறுத்தார். பிறகு படத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு சாவியை எடுத்து நீட்டி, ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவரையும் கூட அனுப்பினார்.

"ஐயோ அண்ணி, வேணாம். ஸ்டீயரிங்கே அந்தப் பக்கம் இருக்கு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆகிடப் போகுது!"

"அதான் பக்கத்துல வாத்தியார் உக்கார்றாரே, அவருக்கும் ஒரு பிரேக்கு இருக்கு பாரு. நீ ஏறு. பாசஞ்சர் இல்லாம எனக்கு வண்டி ஓட்ட வராது."

நாத்தனார் கைப்பையை அணைத்துக்கொண்டே ஏறினாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை வருஷத்தில் அண்ணி ஓட்டிய பஸ்ஸில் அவள் ஒரு நாள்கூட ஏறியதில்லை. ஓட்டுநர் இருக்கையில் அண்ணியின் முதுகு நிமிர்ந்திருந்தது. கண்ணாடியைச் சரிசெய்து, இடமும் வலமும் பார்த்து, சாவியைத் திருப்பினாள். ஆனால் வண்டி நகரவில்லை.

"என்ன அண்ணி?"

"கண்டக்டர் விசில் குடுக்காம எப்படி எடுக்கிறது?"

பள்ளிக்கூட நாட்களில் நாத்தனார் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடிப்பாள். பொம்பளைப் பிள்ளைக்கு இது என்ன பழக்கம் என்று அம்மா வாயிலேயே ஒன்று போட்டதோடு அது நின்றது. இப்போது என்ன தோன்றியதோ, விரல்கள் தாமாக வாய்க்குப் போயின. முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை அடித்த விசிலில் மைதானத்துப் புறாக்கள் மொத்தமும் பறந்தன.

"போலாம், ரைட்!" என்று கத்தினாள், மாத்திரை அட்டை கத்தரிக்கிறவள்.

பஸ் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு கிளம்பியது. ஓரமாக நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒரு ரவுண்டு என்றுதான் பேச்சு. வாத்தியார் "இன்னும் ஒன்று" என்று விரல் காட்டினார். வளைவில் அண்ணி ஹாரனை அழுத்த, நாத்தனார் கம்பியைப் பிடித்தபடி, "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காதே!" என்று காலி இருக்கைகளை விரட்டினாள். நரைமுடிக்காரி ஓடிவந்து ஏறி, டிக்கெட்டுக்குக் கை நீட்டினாள். நாத்தனார் கைப்பையிலிருந்து தைலப் புட்டி ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்து, கழுத்தில் தேய்த்துக்கொள்ளும்படி ஜாடை காட்டினாள். நாள் பூரா ஸ்டீயரிங் பிடிக்கிறவளுக்கு எங்கே வலிக்கும் என்பது மருந்துக் கடைக்காரிக்குத் தெரியாதா?

வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியபோது அண்ணியின் கண் கலங்கியிருந்தது. "வேர்வை" என்றாள். அந்தக் குளிரில் ஏது வேர்வை? நாத்தனார் முந்தானையை நீட்டினாள்.

விமான நிலையம் வழியாகத் திரும்புகிற பஸ்ஸையும் நரைமுடிக்காரிதான் ஓட்டினாள். எதிரே வந்த ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஹாரன் அடித்து, முன் இருக்கையில் இருந்த அண்ணியைக் கைகாட்டிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். விமான நிலையத்தில் இறக்கிவிட்டபோது மூன்று பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு நின்றதில், பின்னால் வந்த வண்டிக்காரர்கள் பொறுமை இழந்தார்கள்.

சோதனை வரிசையில் நிற்கும்போது நாத்தனார் கேட்டாள்: "அண்ணி, நீங்க எப்படி பஸ் ஓட்ட வந்தீங்க? நான் கேட்டதே இல்ல."

"அது பெரிய கதைம்மா."

"சொல்லுங்க. இன்னும் எவ்வளவோ தூரம் போகணும்."

அண்ணி சொல்லத் தொடங்கினாள், அதே இன்ஜின் குரலில். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நாத்தனாருக்குக் கொஞ்சமும் கூச்சமாக இல்லை. "ம், அப்புறம்?" என்று அவளும் உரக்கவே கேட்டாள்.