நன்றாகப் பாடிய குற்றம்

பிராட்னி ஃபால்ஸ் பள்ளி வாரியம் தன் கூட்டங்களை எப்போதும் குழந்தைகளை வைத்துத்தான் தொடங்கும். கொடிக்கு உறுதிமொழி முடிந்ததும் ஏதாவதொரு பள்ளியின் பிள்ளைகள் வந்து எதையாவது செய்துகாட்டுவார்கள். ஆளுக்கொரு சான்றிதழ், கூட்டமாக ஒரு புகைப்படம். அதன் பிறகுதான் ஒழுகும் கூரையும் பேருந்துக்கான டீசலும். பிள்ளைகளைக் காட்டினால் பெற்றோர் வருவார்கள். பெற்றோர் வந்தால் ஊரே தங்களைப் பார்க்கத் திரண்டதாக ஏழு உறுப்பினர்களும் நிமிர்ந்து உட்காரலாம்.

அன்று ஜோலீனின் முறை. அவள் அந்த ஊர்ப் பள்ளிகளின் இசை ஆசிரியை. அவளுக்கு வகுப்பறை கிடையாது, தள்ளுவண்டிதான். அதில் ஒரு மின் கீபோர்டு, சில கஞ்சிராக்கள், பாட்டுத் தாள்கள். அதைத் தள்ளிக்கொண்டு பள்ளி பள்ளியாக, வகுப்பு வகுப்பாகப் போவாள். அந்தந்த வகுப்பின் ஆசிரியை மூலையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டே, "ஜோலீன், கொஞ்சம் மெதுவாப் பாடச் சொல்லேன், பக்கத்து ரூம்ல கணக்குப் பரீட்சை" என்பாள். பிள்ளைகள் மெதுவாகப் பாடுவார்கள். மெதுவாகவே பாடிப் பழகிய பிள்ளைகளுக்கு வாயைத் திறக்கச் சொல்லிக் கொடுப்பதில் பாதி வருடம் போய்விடும்.

கிழக்குப் பக்கத்தில் மூடிக் கிடந்த பள்ளிக் கட்டடத்தைத் திறந்து, பாட்டு, ஆட்டம், நாடகத்துக்கென்று ஒரு காந்தப் பள்ளி நடத்தலாம் என்ற திட்டம் அன்றைக்கு வாக்கெடுப்புக்கு வரவிருந்தது. ஊரின் எந்த மூலையிலிருந்தும் பிள்ளைகளை இழுக்கும் என்பதால் காந்தப் பள்ளி. திட்டத்தின் பக்கங்களில் கலையின் மேன்மை பற்றி நிறைய எழுதியிருந்தது. ஜோலீன் அதையெல்லாம் இரண்டு முறை படித்தாள். அவ்வளவையும் தான் நம்புகிறோமா என்று அவளுக்கே சந்தேகம். ஆனால் வரைபடத்தில் 'இசை அறை' என்று போட்டிருந்த கட்டத்தை நம்பினாள். அதற்கு ஒரு கதவு வரைந்திருந்தார்கள். அந்தக் கதவு அவளுக்கு வேண்டும்.

வாரியத்தில் திட்டத்துக்கு ஆதரவாக இருந்தவர் பல் மருத்துவர் பெர்னிஸ் மோஸ்லி. அவர்தான் வழி சொன்னார். "இங்க பாரு கண்ணு, அந்த ஆளுங்களுக்கு அறிக்கை படிக்கத் தெரியாது. காது மட்டும்தான் இருக்கு. புள்ளைங்களக் கூட்டிட்டு வந்து பாட வை. அழ வை. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

ஜோலீன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில் பேசினாள். ஆறு பெற்றோரைக் கூட்டத்தில் பேசுவதற்குப் பெயர் கொடுக்க வைத்தாள். பிள்ளைகள் பசியோடு பாடக் கூடாது, பாடிய பிறகும் பசியோடு இருக்கக் கூடாது என்று தெருமுனைப் பீட்சாக் கடையில் ஏழு மணிக்கு மேசைகளுக்குச் சொல்லிவைத்தாள். பாலாடைக்கட்டி ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குத் தனியாக ஒன்று. எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, எதையோ விட்டுவிட்டோம் என்ற உறுத்தலோடுதான் வந்தாள். அந்த உறுத்தல் எப்போதும் இருப்பதுதானே என்று அதைப் பொருட்படுத்தவில்லை.

பிள்ளைகள் பாடினார்கள். கம்பளம் விரித்த அந்த அறையில், யாரும் மெதுவாகப் பாடச் சொல்லாத ஒரே இடத்தில், தொண்டையைத் திறந்து பாடினார்கள். மேல் குரல்கள் ஏற, கீழ்க்குரல்கள் அசையாமல் தாங்கி நிற்க, முடிவில் எல்லோரும் ஒரே மூச்சில் நிறுத்தினார்கள். டயர் கடை நடத்தும் வாரியத் தலைவர் வேய்ன் ஹட்செல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்னால் நின்றவர்கள் விசிலடித்தார்கள். பெர்னிஸ் ஜோலீனைப் பார்த்துக் கண்ணடித்தார்.

சான்றிதழ், கைகுலுக்கல், புகைப்படம். பிறகு ஹட்செல் வழக்கம்போலச் சொன்னார்: "குடும்பங்கள் கெளம்பறதுன்னா கெளம்பலாம். அஞ்சு நிமிஷம் இடைவேளை."

குடும்பங்கள் கிளம்பின. அந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான். தன் பிள்ளையைப் பார்க்க வந்தாயிற்று, பார்த்தாயிற்று, படமும் பிடித்தாயிற்று, இனி இங்கே என்ன? மேல்கோட்டுகள் சரசரத்தன, பாட்டிகள் எழுப்பப்பட்டார்கள், ஒரு குழந்தை பீட்சா பீட்சா என்று தாளம் போட்டது. ஜோலீன் தன் உரைத் தாள்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது காலி நாற்காலிகள்தான் எதிரே இருந்தன. மணி ஏழாகப் பத்து நிமிடம். கடையில் மேசைகள் தயாராக இருக்கும். சொல்லிவைத்தவள் அவள்தானே.

கூட்டம் மறுபடி தொடங்கியது. முதலில் விவாதம் தேவைப்படாத செலவுகளை ஒரே கட்டாகக் கட்டி ஒரே வாக்கில் நிறைவேற்றினார்கள். அந்தக் கட்டுக்குள் கால்பந்து மைதானத்துக்கு ஒரு புதிய மின் ஸ்கோர்போர்டு இருந்தது. காந்தப் பள்ளியின் முதல் வருடச் செலவைவிட அதன் விலை கொஞ்சம் கூடுதல். யாரும் மூச்சுவிடவில்லை. மைதானத்தில் இப்போது எத்தனை புள்ளி என்று தெரியாமல் ஊர் தவித்துக்கொண்டிருந்தது போலும்.

பிறகு காந்தப் பள்ளி. பொதுமக்கள் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம்.

ஒரு கூட்டத்தையும் விடாத கிளெட்டஸ் ராமி ஒலிவாங்கியை இழுத்தார். ஓய்வுபெற்ற மனிதர், எதிர்ப்பது மட்டும்தான் இப்போதைய வேலை. "நாங்கல்லாம் சர்ச்சுல பாடினோம். எவனும் எங்களுக்குத் தனியா கட்டடம் கட்டித் தரல. காந்தம்ங்கறீங்க. அது புள்ளைங்கள இழுக்குதோ இல்லியோ, என் வீட்டு வரிய இழுக்கும். நாளைக்கு ஜோக்கருங்களுக்கு ஒரு ஸ்கூலு கேப்பீங்க."

"அதத்தான் மாசாமாசம் இங்க நடத்தறோமே, கிளெட்டஸ்" என்றார் பெர்னிஸ்.

அடுத்து விட்னி கோல்டன்-பேக்ஸ். மகள் வயலின் வாசிக்கிறாள் என்று ஊருக்கே தெரியும், அம்மா தெரியாமல் இருக்க விட்டதில்லை. "நான் இத முழு மனசோட ஆதரிக்கிறேன்" என்று நெஞ்சில் கைவைத்தாள். "ஆனா குலுக்கல்ல புள்ளைங்கள எடுக்கறது நியாயமில்ல. தேர்வு வைக்கணும். அப்புறம் ஆனா, அந்தக் கிழக்குப் பக்கம்... தப்பா எடுத்துக்காதீங்க, எங்க பக்கத்துலேர்ந்து பஸ்ஸுல ரொம்ப தூரம். அந்த ஏரியாவும் சாயந்தரத்துல எப்படின்னு நமக்குத் தெரியும். இத மேற்குப் பக்கம் வச்சா நான் ரெண்டு கையும் தூக்குவேன்."

"அப்போ இப்ப எத்தனை கை தூக்கறீங்க?" என்று கேட்டார் பெர்னிஸ்.

"நான் கருத்துதானே சொன்னேன்" என்று விட்னி உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு ஹட்செல் பேசப் பெயர் கொடுத்திருந்த பெற்றோரை வரிசையாக அழைத்தார். "யோலண்டா பேஸ்." ஒருவரும் எழவில்லை. "யோலண்டா பேஸ் இருக்காங்களா?" அடுத்த பெயர். அடுத்தது. ஆறு பெயர்களுக்கும் அதே அமைதி. ஒவ்வொரு முறையும் அவர் குரலில் கொஞ்சம் உற்சாகம் ஏறியது.

கடைசியாக ஜோலீன். எழுதிவைக்காமல் பேச அவளுக்கு வராது. வாரக்கணக்காக எழுதி, கண்ணாடி முன் நின்று படித்துப் பழகியிருந்தாள். பழகியதை அப்படியே படித்தாள். மூன்றாவது பத்தியில் அந்த வரி வந்தது. வருவது தெரிந்தும் அவளால் நிறுத்த முடியவில்லை.

"தயவுசெய்து எனக்குப் பின்னால் பாருங்கள்" என்று படித்தாள். "இத்தனை குடும்பங்கள் இன்று ஏன் இங்கே அமர்ந்திருக்கின்றன?"

ஏழு உறுப்பினர்களும் பார்த்தார்கள். துப்புரவுப் பணியாளர் நாற்காலிகளை மடக்கிச் சுவரில் சாத்திக்கொண்டிருந்தார். எல்லோரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு, மரியாதைக்குக் கையை உயர்த்தினார்.

கிளெட்டஸ் சத்தமாகச் சிரித்தார். ஜோலீன் மீதியையும் படித்து முடித்தாள். மூன்று நிமிடம் முடிந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிவதற்குள் முடிந்தும் விட்டது. அந்த ஒன்றுதான் அன்றைக்குத் திட்டப்படி நடந்தது.

ஹட்செல் தொண்டையைச் செருமினார். "மிஸ் ஜோலீன், உங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை. இன்னிக்கி அந்தப் புள்ளைங்க பாடினது இருக்கே, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ஒரு ரூமு கிடையாது, பியானோ கிடையாது, ஒரு வண்டிய வச்சிக்கிட்டு இப்படிப் பாட வைக்கிறீங்க. அதுலேர்ந்து எனக்கு ஒண்ணு வெளங்குது. எல்லாம் நல்லாத்தான் நடக்குது! எதுக்கு நாம போய் அதுல கைய வைக்கணும்?"

"வேய்ன்" என்றார் பெர்னிஸ், "மோசமாப் பாடியிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"அப்போ திறமை இல்லாத இடத்துல காசக் கொட்டுவானேன்னு சொல்லியிருப்பேன்" என்றார் ஹட்செல் ஒளிவுமறைவில்லாமல். "அதும் நியாயம்தானே?"

ஐந்துக்கு இரண்டு. திட்டம் விழுந்தது. மேலும் ஆராய ஒரு குழு போட்டார்கள். குழுவுக்குத் தலைவியாக விட்னி.

ஜோலீன் கீபோர்டை உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது ஹட்செல் அருகே வந்தார். மனிதருக்கு உண்மையாகவே அவள்மேல் வருத்தமில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"செப்டம்பர்ல ஸ்கோர்போர்டு தெறப்பு விழா, மிஸ் ஜோலீன். டிவிக்காரங்க வர்றாங்க. தேசிய கீதத்துக்கு நம்ம புள்ளைங்கள விட்டா யாரு? இன்னிக்கி மாதிரியே பாடணும்."

இதுவரை அவளிடம் கேட்டதற்கெல்லாம் சரி என்றுதான் சொல்லியிருக்கிறாள். இப்போதும் அந்தச் சொல்தான் நாக்கில் வந்து நின்றது.

"எங்க பழகறது?" என்றாள்.

"எப்பவும் எங்கயோ அங்கதான்."

"கணக்கு வகுப்புக்குப் பக்கத்துல மெதுவாப் பாடிப் பழகினா மைதானத்துல கேக்காது, மிஸ்டர் ஹட்செல். டிவியில வாய் மட்டும்தான் அசையும்."

"இன்னிக்கி கேட்டுச்சே?"

"இன்னிக்கிப் பாடினது என் வீட்டு கராஜ்ல பழகினது. பக்கத்து வீட்டுக்காரர் போலீஸக் கூப்பிடறேன்னுட்டாரு. ஒரு ரூம் வேணும். இல்லைன்னா யாரையாச்சும் டிரம்பெட் ஊதச் சொல்லிக்கோங்க."

அவர் வாயைப் பிளந்தார். "பேரம் பேசறீங்களா?"

"ஆமா."

தன் குரல்தானா என்று அவளுக்கே ஐயம். ஹட்செல் தாடையைச் சொறிந்தார். பிறகு வாசலில் நின்ற விளையாட்டுத் துறைப் பொறுப்பாளரைக் கூப்பிட்டார். "டேய், நடுநிலைப் பள்ளியில அந்த மல்யுத்தப் பாய் அடுக்கற ரூமு சும்மாதானே கெடக்கு?" "சும்மாதான், கொஞ்சம் நாறும்." "திங்கக்கிழமை சாவிய இவங்ககிட்ட குடுத்துரு." முடிந்தது. ஒரு வருட ஆராய்ச்சி, வண்ண வரைபடம், வாக்கெடுப்பு எல்லாம் சேர்ந்து தர முடியாத அறையை ஒரு ஸ்கோர்போர்டு நின்ற நிலையில் வாங்கித் தந்துவிட்டது. வியர்வை நாற்றமுள்ள, சன்னல் இல்லாத அறை. ஊரின் மற்றப் பிள்ளைகளுக்கு அதில் ஒன்றும் இல்லை. ஆட்டத்துக்கு இல்லை, நாடகத்துக்கு இல்லை. அவளுக்கு மட்டும் ஒரு கதவு.

பீட்சாக் கடைக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். யோலண்டா பேஸ் மருத்துவமனைச் சீருடையோடு எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். "மிஸ் ஜே! பாஸ்தானே? ஆகாம எப்படி? அந்த டயர் கடைக்காரரே அழுதாரே!"

"தோத்துப்போச்சு, யோலண்டா. உன் பேரக் கூப்பிட்டாங்க. ரெண்டு தடவ."

யோலண்டாவின் கை அவள் தோளிலிருந்து இறங்கியது. "ஐயோ. நான்... புள்ளைங்கதான் பாடிட்டாங்களேன்னு..."

"ஆறு பேரையும் கூப்பிட்டாங்க."

யாரோ ஒருவர் பீட்சாத் துண்டைத் தட்டில் திரும்ப வைத்தார். அவர்களைத் திட்ட ஜோலீனிடம் சொற்கள் இருந்தன. ஆனால் மேசைகளுக்குச் சொல்லிவைத்தவளே தான்தான் என்பது அந்தச் சொற்களுக்குக் குறுக்கே நின்றது.

"ஒரு ரூம் மட்டும் குடுத்திருக்காங்க" என்றாள் கடைசியில். "மல்யுத்தப் பாய் வைக்கிற ரூம்."

ஒரு கணம்தான். பிறகு யோலண்டா, "ரூம் கெடச்சிருச்சு!" என்று கத்தினாள். கடையே கைதட்டியது. சோடாக் குவளைகள் மோதின. ஜோலீனை நடுவில் நிறுத்திப் படம் பிடித்தார்கள். பள்ளிக்கூடம் கேட்டுப் போனவர்கள், பாய் அடுக்கும் அறைக்கு இத்தனை ஆர்ப்பாட்டம். இவர்களை எதிர்க்க வாரியம் எதற்கு என்று அவளுக்குத் தோன்றியது.

படத்துக்குச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, அந்தப் பாய்களை எறிந்துவிடாமல் சுவர்களில் சாத்தி வைத்தால் எதிரொலி அடங்கும், கீபோர்டைக் கதவுக்கு எதிரே போடலாம் என்று கணக்குப் போட்டாள். அப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த தன்னையே அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.